ஒரு கரண்டி தேனீப் பிசின்

கலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மாமியார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு என்று ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவின்போது ஒலிபெருக்கியில் அது வரும், அதுவும் தப்பான உச்சரிப்போடு. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சில நாள் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

பட்டம் வந்த கதை சின்னது. அந்தத் தொழிற்சாலையில் முகம் கழுவும் திரவம் தயாரானது. பெட்டிக்கடையில் தொங்கும் சரக்கு இல்லை. கைக்குள் அடங்கும் கண்ணாடிப் புட்டி, அதற்கு மரத்தில் ஒரு மூடி, புட்டியைப் படுக்கவைக்கப் பட்டுத்துணி விரித்த பெட்டி. திறந்தால் நகை வாங்கியது போலிருக்கும். உள்ளே இருப்பது என்னவோ எந்தக் காலத்திலும் ஒரே கலவைதான். தண்ணீர், நுரைக்கிற சரக்கு, கெட்டிப்படுத்தும் பசை, கெட்டுப்போகாமல் இருக்க ஒரு மருந்து. பெரிய எஃகுத் தொட்டியில் துடுப்பு சுற்றச் சுற்ற அது வெள்ளை வெளேரென்று திரண்டு வரும். அதற்குக் கூடத்தில் 'பொண்ணு' என்று பெயர்.

பொண்ணு மாறமாட்டாள். மாறுகிறவர் மாப்பிள்ளை. பருவத்துக்கு ஒருமுறை உலகத்துக்கு ஏதோ ஓர் இயற்கைப் பொருள்மேல் பைத்தியம் பிடிக்கும். ஒரு பருவம் கரி. அடுத்த பருவம் அரிசி கழுவிய தண்ணீர். அப்புறம் கடல்பாசி, நத்தையின் கோழை, மாதுளை விதை எண்ணெய். அந்தந்தப் பருவத்தின் பொருள் ஒரு தகர டப்பாவில் வந்து இறங்கும். "மாப்பிள்ளை வந்தாச்சு" என்று வாசலிலேயே ஒருவன் குரல் கொடுப்பான். அவரை வரவேற்று, மூடி திறந்து, பொண்ணோடு சேர்த்துவைப்பது இவள் வேலை. பிறகு அவளை மாமியார் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

சேர்த்துவைப்பது என்றால் பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஓர் ஆள் இறங்கிக் குளிக்கக்கூடிய தொட்டிக்கு ஒரு கரண்டி. கைக்குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற கரண்டியைவிடச் சின்னது அது. அந்த ஒரு கரண்டி விழுந்தால்தான் அந்தப் பொருளின் பெயரைப் புட்டிமேல் கொட்டை எழுத்தில் போடமுடியும். அதற்குமேல் அந்தப் பொருளுக்கு அங்கே வேலையில்லை. மிச்ச டப்பா அலமாரிக்குப் போகும். அடுத்த மாப்பிள்ளை வந்ததும் பழையவர் சாக்கடைக்குப் போவார். நத்தைக் கோழையைக் கொட்டிய அன்று துடுப்புக்காரர் சாக்கடையைப் பார்த்துக் கைகூப்பி, "போயிட்டு வாங்க மாப்ளே, வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க" என்றார். மாமியாருக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, துடுப்புக்காரர் கைகூப்பியதையும் நத்தை வழுக்கிக்கொண்டு போனதையும் மகளுக்கு நடித்தே காட்டினாள். அப்போது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். புரையேறும்வரை சிரித்தாள்.

அந்த மேசை வட்டமானது. மூடப்பட்ட டீக்கடை ஒன்றிலிருந்து கணவர் தலையில் சுமந்து கொண்டுவந்தது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அதில் இரண்டு நாற்காலிகள்தான் மிச்சம்.

உறுத்தல் என்று ஒன்று அந்தக் காலத்தில் மாமியாருக்கு இருந்ததில்லை. வாங்குகிறவர்களை அவள் பார்த்ததே கிடையாது. எங்கேயோ இருக்கிற யாரோ, பட்டுத்துணிக்கு ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அவர்கள் முகம் சுத்தமாகிறது. யார் குடி கெட்டது? அது வந்தது, மகள் அதே சரக்கை விற்கப் போனபோதுதான்.

நகரத்தின் நடுவில் கண்ணாடியால் கட்டிய ஒரு பெரிய கடை. அதன் தரைத்தளத்தில், வாசல் கதவுக்கு நேரே, அந்தப் புட்டிகளுக்கு என்று ஒரு வெள்ளைக்கல் மேடை. மேடையில் பதித்த ஒரு தொட்டி, ஒரு குழாய், ஒரு வட்டக் கண்ணாடி. அங்கே நிற்கும் பெண் வாடிக்கையாளர் முன்னாலேயே தன் முகத்தைக் கழுவிக் காட்டவேண்டும். முழு முகத்தையும் இல்லை, இடது பாதியை மட்டும். நெற்றியின் நடுவிலிருந்து மூக்கு நுனி, மோவாய் வரை ஒரு கோடு கிழித்தது போல. பிறகு விளக்குப் பக்கம் திரும்பி, "இந்தப் பக்கம் கழுவாதது, இந்தப் பக்கம் கழுவினது" என்று காட்டவேண்டும். ஆள் வரவர மறுபடி கழுவவேண்டும். மகளுக்கு அந்த மேடைமேல் அப்படி ஓர் ஆசை. சின்ன வயதில் கண்ணாடி முன்னால் துணி துவைக்கும் சோப்பை வைத்துக்கொண்டு பேசிப் பழகியவள் அவள். தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள். இந்தப் பருவம் நன்றாக ஓடினால் நிரந்தரம், மேடைக்கே பொறுப்பாளர் என்று கடை மேலாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

அந்தப் பருவத்து மாப்பிள்ளை தேனீப் பிசின். தேனீக்கள் மரப்பாலையும் மொட்டுக் கசிவையும் கொண்டுவந்து கூட்டின் விரிசலை அடைக்குமே, அது. டப்பாவைத் திறந்தபோது பழைய மரப்பெட்டியின் வாசனையும் தேன் வாசனையும் சேர்ந்து அடித்தன. கருஞ்சிவப்பாக, பாகு போல இருந்தது. மாமியாருக்குப் பார்த்ததும் பிடித்துப்போனது. "இத்தனை வருஷத்துல இப்பதான் ஒரு கௌரவமான மாப்பிள்ளை வந்திருக்கார்" என்றாள். வழக்கம்போல ஒரு கரண்டி விட்டாள். வெள்ளைத் தொட்டி வெள்ளையாகவே இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் மகளிடம் சொல்லாமல் அந்தக் கடைக்குப் போனாள். மகள் நிற்கிற நிற்பைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று. உள்ளே நுழைய ஒருமாதிரி இருந்தது. தரை, தன் முகம் தெரிகிற தரை. நகரும் படிக்கட்டின் பின்னால், தூணோடு தூணாக நின்றுகொண்டாள். மகள் தலைமுடியை உயர்த்தி முடிந்திருந்தாள். நல்ல உயரமாகத் தெரிந்தாள். அவள் முன்னால் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். தேனீப் பிசின் என்று பெயர்தான் போட்டிருக்கிறீர்கள், உள்ளே நிஜமாக எவ்வளவுதான் இருக்கும், இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கிறேன் என்று அவள் இழுத்தாள். போகப்போகிறாள் என்பது அவள் தோளிலேயே தெரிந்தது.

மகள் அசரவில்லை. ஈரக்கையைத் துண்டில் ஒற்றிக்கொண்டு, ரகசியம் சொல்வது போலக் குனிந்தாள்.

"மேடம், இதைக் கலக்குறதே எங்கம்மாதான். தன் கையால ஊத்துறாங்க. எங்கம்மா மேல சத்தியமா சொல்றேன், ஒவ்வொரு புட்டிலயும் நிறைய இருக்கு."

அந்தப் பெண்மணி வாங்கிக்கொண்டு போனாள். மாமியார் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை. மகளிடம் காட்டிக்கொள்ளாமலே வீட்டுக்கு வந்தாள். பேருந்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாவி மகள், தன்னை நம்பி, தன்மேல் சத்தியம் செய்து, ஊரார் முன்னால் நிற்கிறாள். இவள் இங்கே ஒரு கரண்டி விட்டுவிட்டு நத்தைக் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு நினைப்பு போதும், ஒருத்தி சாப்பாடு இறங்காமல் இருக்க.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடையில் தேய்த்துக் காட்டுகிற சரக்கைத் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் கலப்பார்கள். விற்கிற சரக்கைவிட அதில் நுரை கொஞ்சம் தூக்கலாக வரும், வாசனையும் ஒரு பிடி கூடுதலாக இருக்கும். நாலு பேர் பார்க்கும்போது போட்டுக்கொள்கிற இரவல் நகை மாதிரி. அதைக் கலப்பதும் மாமியார்தான். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பாட்டு அறைக்குப் போனபிறகு அவள் அந்தச் சின்னத் தொட்டி முன்னால் நின்றாள். அலமாரியிலிருந்து பிசின் டப்பாவை இறக்கினாள். கரண்டியை ஓரமாக வைத்தாள். தொட்டி வழிக்கிற அகப்பையை எடுத்து ஓர் அகப்பை விட்டாள். இன்னோர் அகப்பை. கை நிற்கவில்லை. எப்படியும் சாக்கடைக்குப் போகப்போகிற பிசின்தானே, என் பிள்ளையின் வாக்குக்காவது ஆகட்டும் என்று தோன்றியது. வெள்ளைக் கலவைக்குள் கருஞ்சிவப்பு சுருள் சுருளாக இறங்கி, கடைசியில் ஆறிய தேநீர் நிறத்துக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு கல்யாணத்தை முறையாக நடத்திவைத்தது போல அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

துடுப்புக்காரர் வந்து பார்த்துவிட்டு நிறம் கொஞ்சம் கூடியிருக்கிறதே என்றார். காட்டுகிற சரக்குதானே, மேலிடத்தில்தான் நிறம் வேண்டும் என்றார்கள் என்று ஒரு புளுகு விட்டாள். அவர் ஏன் கவலைப்படப் போகிறார்.

அந்தச் சரக்கு கடைக்குப் போய்ச் சேர்ந்த வாரமே மகளுக்கு விற்பனை ஏறியது. புட்டியைத் திறந்ததும் தேன்கூட்டு வாசனை மேடையைச் சுற்றி நின்றதாம். வாங்கவே நினைக்காமல் கடந்துபோனவர்கள்கூட மூக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்களாம். சாப்பிடும்போது மகள் சொல்லிக்கொண்டே போனாள். இந்த முறை சரக்கு நல்லா வந்திருக்கும்மா என்றாள். மாமியார் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துவந்தாள், முகத்தில் பூத்ததை மறைப்பதற்காக. சின்னத் தொட்டியின் அடுத்தடுத்த கலவைகளிலும் அகப்பைதான் போனது.

முதலில் வந்தது ஒரு சிவப்பு. இடது கன்னத்தில், யாரோ வெட்கப்பட வைத்தது போல. அதையும் சேர்த்தே விற்றார்கள் என்பதுதான் கொடுமை. பாருங்கள், இந்தப் பாதி எப்படி மினுங்குகிறது என்று கடை மேலாளரே வாடிக்கையாளர்களை அழைத்துக்கொண்டு வந்து காட்டினார். மகளும் அந்தக் கன்னத்தை விளக்குப் பக்கமே வைத்துக்கொண்டாள். பிறகு அது தடித்தது. பிறகு அரித்தது. காலையில் எழுந்தால் கண்ணிமை வீங்கி, பாதிக் கண்தான் திறந்தது.

வீட்டில் இருந்த ஒவ்வொன்றின்மேலும் மகளுக்குச் சந்தேகம் வந்தது. தலையணை உறை மாறியது. பவுடர் குப்பைக்குப் போனது. பாலை நிறுத்தினாள், முட்டையை நிறுத்தினாள், குளிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பார்த்தாள். தெருமுனை மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினாள். மாமியாரும் கூடவே சந்தேகப்பட்டாள். புது மெத்தைவிரிப்பைத் துவைத்துப் போட்டாள். பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்தினாள். ஒன்றை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை. காலையில் சிவந்த முகத்துக்குமேல் பூச்சு பூசிக்கொண்டு மகள் வேலைக்குப் போவாள். மேடையில் நின்று அதே பாதியைக் கழுவுவாள். இந்த வாரம் மட்டும் லீவு போடேன் என்று அம்மா சொன்னால், இந்த வாரத்தில்தான் நிரந்தரம் யாருக்கு என்று முடிவு செய்கிறார்கள், இப்போது போய் வீட்டில் உட்காரச் சொல்கிறாயா என்று கேட்பாள்.

அந்தப் பிசின்மேல் மாமியாருக்கு ஏன் சந்தேகம் வரவில்லை? பெற்ற மனது என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை அதுவல்ல. அவளுக்கு அந்தப் புட்டியின்மேல் எழுதியிருந்ததில் நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. பொய்யாக இருந்தவரை அவள் ஒருநாளும் அதை நம்பியதில்லை. தன் கையால் மெய்யாக்கிய பிறகு, எழுதியிருப்பது எல்லாமே மெய் என்று ஆகிவிட்டது. தேனீ கொண்டுவந்தது, மரம் கொடுத்தது, அது என்ன செய்துவிடும்?

அவள் மணிக்கட்டில், கையுறை முடிந்து சட்டைக்கை தொடங்குவதற்கு நடுவில், வளையல் போட்டது போல ஒரு சிவப்பு வட்டம் வந்திருந்தது. ஆய்வறையில் வேலை பார்க்கிற கண்ணாடி போட்ட இளம்பெண் மாதிரிப் புட்டிகளை வாங்க வந்தபோது அதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, இது என்ன?"

கொசு என்றாள் மாமியார்.

"இவ்ளோ ஒழுங்கா, கோணாம கடிக்கிற கொசுவை எனக்கும் காட்டுங்க. பிசின் பட்டுச்சா? கையுறை ஓரத்துல வழிஞ்சிருக்கும். சிலர் தோலுக்கு அது ஆகவே ஆகாது. முதல்ல ஒண்ணும் தெரியாது. படப்படத்தான் காட்டும்."

மாமியார் கையை முன்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.  அதனால்தான் ஒரு கரண்டியா என்று கேட்டாள். அதனாலும்தான் என்றாள் அந்தப் பெண். அதற்குமேல் போனால் தோலுக்கு ஆகாதவர்களிடம் மாட்டிக்கொள்வோம்.

"கஞ்சத்தனம்னுல்ல நினைச்சேன்."

"கஞ்சத்தனமும்தான்" என்று சிரித்துக்கொண்டே அவள் புட்டிகளை அடுக்கினாள். "ரெண்டும் ஒரே கரண்டில அடங்கிடுச்சு. நம்ம கம்பெனிக்கு அதிர்ஷ்டம்."

மாமியார் கையுறையைக் கழற்றிய இடத்திலேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள். மேஸ்திரியிடம் வீட்டில் ஆபத்து என்று மட்டும் சொன்னாள். பேருந்து கிடைத்தது, நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. கடைக்குள் அவள் இந்த முறை தூணைத் தேடவில்லை. மேடைக்கு நேரே போனாள்.

மேடையில் மகள் இல்லை. வேறொரு பெண் நின்றிருந்தாள், மகளைவிடச் சின்னவள். கன்னம் தேய்த்த பித்தளை போல இருந்தது. கையில் அதே ஆறிய தேநீர் நிறத்துப் புட்டி. முன்பிருந்தவளுக்குக் கண் வீங்கி மூடிக்கொண்டுவிட்டது, மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இனி நான்தான் என்றாள். சொல்லிக்கொண்டே உள்ளங்கையில் திரவத்தை ஊற்றினாள்.

"அதைத் தேய்க்காதம்மா."

அந்தப் பெண் பழகிய புன்னகையைப் போட்டுக்கொண்டாள். "பயப்படாதீங்கம்மா. இது முழுக்க இயற்கை."

 மாமியார் கழுத்தில் தொங்கிய தொழிற்சாலை அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். இந்தத் தொட்டிச் சரக்கில் வாசனை பிசகிவிட்டது, மாற்றவேண்டும், கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. அந்தப் பெண் கையைக் கழுவிக்கொண்டு, மேடைக்கு அடியில் இருந்த காட்டுகிற புட்டிகளையும் எடுத்துக் கொடுத்தாள். வாசனை நல்லாத்தானே இருந்தது என்று மட்டும் கேட்டாள்.

வீட்டில் மகள் மேசையருகே உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணியைக் கண்மேல் வைத்திருந்தாள். இடது பாதி முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. வலது பாதி அப்படியே இருந்தது, பள்ளிக்கூடத்துக்குப் போன பெண்ணின் முகம். அழுது முடித்திருந்தாள். மேலாளர் நல்லபடியாகத்தான் பேசினாராம். உன் தோல் இந்த வேலைக்கு ஒத்துவராது, வீட்டில் கண்டதைப் பூசியிருப்பாய் என்றாராம். நிரந்தரம் அந்தச் சின்னவளுக்கு.

"நான் கண்டதையும் பூசலைம்மா. என் தோலே மட்டம்போல இருக்கு."

இதைக் கேட்டபிறகு சொல்லாமல் இருக்கமுடியவில்லை. மாமியார் பையிலிருந்த புட்டிகளை மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். நின்றபடியே சொன்னாள். தூணுக்குப் பின்னால் நின்றதை, சத்தியத்தைக் கேட்டதை, அகப்பையை. சொல்லி முடிக்கும்வரை மகள் துணியை எடுக்கவில்லை. எடுத்தபோது ஒரு கண்ணால்தான் பார்க்க முடிந்தது.

"எவ்வளவு ஊத்தின?"

"நீ சொன்ன அளவு. நிறைய."

"நான் சொன்னது விக்கிறதுக்கு. நீ எதுக்கும்மா நம்பின?"

மாமியாருக்குப் புரியவில்லை. என்மேல் சத்தியம் செய்தாயே என்றாள். என்னை நம்பித்தானே செய்தாய் என்றாள்.

"அது வாயில வர்றதும்மா. அங்க நிக்கிற எல்லாரும் அவங்கவங்க அம்மா மேல தினம் சத்தியம் பண்ணுவோம். பக்கத்து மேடையில நிக்கிறவளுக்கு அம்மாவே கிடையாது, அவளும் பண்ணுவா." மகள் சிரிக்கப் பார்த்தாள். இடது பக்கம் அசையவில்லை. "ஒரு கரண்டிதான்னு எனக்குத் தெரியாதா? இந்த மேசையிலதானே நத்தை மாப்பிள்ளை கதையை நடிச்சுக் காட்டின?"

மாமியார் மேசைமேல் இருந்த புட்டிகளின் மூடிகளை இறுக்கினாள்.

"அதுல ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சுதான் தைரியமா தேய்ச்சேன். நிறத்தையும் வாசனையையும்கூட, காட்டுற சரக்குக்குப் போட்ட சாயமும் சென்ட்டும்னுதான் நினைச்சேன். எரியும்போதுகூடத் தேய்ச்சேன். தலையணையைச் சந்தேகப்பட்டேன், பாலைச் சந்தேகப்பட்டேன். வீட்ல ஒண்ணு விடாம சந்தேகப்பட்டேன். நீ கலக்குறதை மட்டும்தான் படலை."

 நாளைக்கே பெரிய ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், உன்மேல் தப்பில்லை என்றாவது ஆகும் என்றாள் மாமியார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மகள் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பாதி முகத்தை வைத்துக்கொண்டு மேடையில் நிற்க யாரும் கூப்பிடப் போவதில்லை. உன் வேலையும் போனால் இரண்டு பேரும் எதைத் தின்பது? வாயை மூடிக்கொண்டு போய்க் கலக்கு. ஒரு கரண்டி மட்டும்.

மறுநாள் மேஸ்திரியிடம் மட்டும் சொன்னாள். அவர் முகம் வெளிறிப்போனது. யாரிடமும் மூச்சு விடாதே, உன்னோடு சேர்த்து எங்கள் எல்லோருடைய அடுப்பும் அணைந்துவிடும் என்றார். எல்லாக் கடைகளிலிருந்தும் காட்டுகிற புட்டிகள், வாசனை சரியில்லை என்ற காரணத்தோடு திரும்பி வந்தன. அவற்றை அவளே சாக்கடையில் கொட்டினாள். துடுப்புக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். வழக்கமாக ஏதாவது சொல்லி வழியனுப்புகிறவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். தேன்கூட்டு வாசனை மட்டும் கூடத்தில் பல நாள் போகாமல் கிடந்தது.

தோல் மருத்துவர் கெட்டிக்காரர். வீக்கம் வடிந்தது, அரிப்பு நின்றது. ஆனால் மகள் விடாமல் தேய்த்த இடமெல்லாம் கருத்துத் திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. நாளடைவில் மங்கலாம், மங்காமலும் போகலாம் என்றார். நெற்றியின் நடுவிலிருந்து மோவாய் வரை அந்த எல்லைக்கோடு அப்படியே தெரிந்தது. விளக்குப் பக்கம் திரும்பவேண்டிய அவசியமே இல்லாமல், இந்தப் பக்கம் கழுவாதது, இந்தப் பக்கம் கழுவினது என்று யாரும் சொல்லிவிடலாம்.

கடைக்காரர்களுக்கும் இரக்கம் இல்லாமல் இல்லை. அதே கடையின் நிலவறைக் கிடங்கில் மகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பெட்டிக்குள் பட்டுத்துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, புட்டியைப் படுக்கவைத்து மூடும் வேலை. அங்கே வாடிக்கையாளர் யாரும் வருவதில்லை. மேலே மேடையில் சின்னவள் கழுவிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா மேல் அவள் சத்தியம் செய்துகொண்டிருப்பாள்.

அடுத்த பருவம் காளான். ஏதோ காட்டில், ஏதோ மரத்தின் நிழலில் மட்டும் முளைக்கிற காளானாம். டப்பா வந்து இறங்கியது. வாசலில் ஒருவன், "மாமியாரே, மாப்பிள்ளை வந்தாச்சு" என்றான். அவள் மூடியைத் திறந்தாள். முகர்ந்து பார்க்கவில்லை. கரண்டியில் எடுத்து, மேலே குவிந்ததை விரலால் வழித்துச் சமமாக்கி, தொட்டியில் விட்டாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மாப்பிள்ளை எப்படி என்று துடுப்புக்காரர் கேட்டதற்கு, நல்லவர்தான், வாயைத் திறக்கமாட்டார் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை. உப்பு குறைவு, மழை வரும்போல இருக்கிறது, துணியை எடு என்கிற அளவுக்கு இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சாப்பிட உட்காரும்போது மட்டும் மகள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வாள், இடது கன்னம் அம்மாவுக்கு நேரே வருகிற மாதிரி. அவளுக்கு அங்கேதான் உட்கார வசதி, ஜன்னல் காற்று அந்தப் பக்கம்தான் வருகிறது என்று மாமியார் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொண்டு தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள். ஜன்னல் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது; நகர்ந்து உட்கார்ந்தால் மகளுக்குக் காற்று கூடப்போவதில்லை. மேசை வட்டமானது. அதில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.